நதிமூலம், ரிஷிமூலம், மரமூலம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் வேலையைப் பற்றி ஏதாவது பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் சொன்னார். நான் சிவில் படித்தவன். அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைப் பக்கம், மர வீடு கட்டுவதற்கு வேண்டிய சட்டம், பலகை எல்லாம் வெளிநாட்டிலிருந்து தருவித்து விற்கும் ஒரு கம்பெனியில் வேலை. பாதி நேரம் ட்ராயிங், மீதி நேரம் கஸ்டம்ஸ் காகிதம். "எஞ்சினீயருக்குக் கஸ்டம்ஸில் என்ன வேலை? அதுக்குத்தான் ஏஜெண்ட் இருக்காரே!" என்று நீங்கள் கேட்கலாம். அதற்குப் பதில் சொல்வதுதான் இந்தப் பேச்சு.

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். மரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. துறைமுகத்தில் வந்து இறங்கும் மரத்தைப் பார்த்து மூன்று கேள்வி கேட்கிறார்கள். நீ யார்? உன்னை எங்கே அறுத்தார்கள்? நீ எங்கே முளைத்தாய்? கேட்கும்போது மூன்றும் ஒன்று மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றுக்குச் சொல்லும் பதில் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

முதல் கேள்வி, நீ யார்? சுங்கத்துக்காகப் பொருள்களை வகை பிரிக்க உலக நாடுகளில் பெரும்பாலானவை ஒரே எண் வரிசையைப் பயன்படுத்துகின்றன. 1988-இல் நடைமுறைக்கு வந்த முறை அது. அதில் 44-ஆவது அத்தியாயம் மரத்துக்கு. அறுக்காத உருட்டுக் கட்டை 4403. நீளவாக்கில் அறுத்து, கனம் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் 4407. இழைத்தாலும் அது 4407 தான். 6 மில்லிமீட்டரும் அதற்குக் கீழும் என்றால் வெனீர், 4408. விளிம்பு நெடுக நாக்கும் காடியும் எடுத்தால் 4409. கதவு, ஜன்னல் போலக் கட்டடத்துக்கென்றே செய்த தச்சுச் சாமான் 4418.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். 1996-இல் அமெரிக்காவும் கனடாவும் ஊசியிலை மரங்களுக்கு ஓர் உடன்பாடு போட்டன. பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, ஒண்டாரியோ, கியூபெக் ஆகிய நான்கு மாகாணங்களும் சேர்ந்து ஆண்டுக்கு 1,470 கோடி போர்டு அடி வரை கட்டணமில்லாமல் அனுப்பலாம். (12 போர்டு அடி சேர்ந்தால் நம்ம ஊர்க் கணக்கில் ஒரு கன அடி.) அதைத் தாண்டினால் ஆயிரம் போர்டு அடிக்கு 50 டாலர், இன்னும் தாண்டினால் 100 டாலர். இந்த உடன்பாட்டுக்குள் 4407 உண்டு, 4418 இல்லை.

வியாபாரிக்குச் சொல்லியா தரணும்? சுவருக்குள் நிற்கும் 'ஸ்டட்' என்ற சட்டங்களில் ஓட்டை போட்டார்கள். கரண்ட் ஒயர் போவதற்கு வழியாம். 1997-இல் அமெரிக்கச் சுங்கத்துறை, ஓட்டை போட்ட ஸ்டட் 4418-இல் சேரும் என்று எழுத்தில் முடிவு சொன்னது. அதன் பிறகு எல்லையைத் தாண்டி வந்ததெல்லாம் ஓட்டை போட்ட சட்டமாக இருந்ததில் ஆச்சரியமில்லை. 1998-இல் அதே துறை தன் முடிவை ரத்து செய்து, "இது 4407 தான்" என்றது. தமிழில் மரத்துக்கும் சட்டம் என்றுதான் பெயர், கோர்ட்டில் பேசுவதற்கும் சட்டம் என்றுதான் பெயர். ஒரு சட்டத்தில் போட்ட ஓட்டை, இன்னொரு சட்டத்தில் இருந்த ஓட்டையைக் காட்டிக் கொடுத்தது!

இங்கேதான் எஞ்சினீயர் வருகிறார். சட்டத்தின் நடுக்கோட்டில் சின்னதாக ஓட்டை போட்டால் வளைவு வலிமை பெரிதாகக் குறையாது என்று இரண்டாம் ஆண்டு மாணவனுக்கே தெரியும். ஓட்டைக்கு முன்னாலும் அது ஸ்டட், பின்னாலும் ஸ்டட். பொருள் உண்மையிலேயே மாறியதா, பெயர் மட்டும் மாறியதா என்று சொல்லக்கூடியவர் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்தான். இது பழங்கதையும் அல்ல. 2025 அக்டோபர் 14 முதல் அமெரிக்கா இறக்குமதி ஊசியிலை மரத்துக்கு 10 சதவீத வரி விதித்தபோது, எந்த எண் உள்ளே, எந்த எண் வெளியே என்ற கேள்வி மறுபடி மேசைக்கு வந்தது.

இரண்டாவது கேள்வி, எங்கே அறுத்தார்கள்? அமெரிக்காவின் 1930-ஆம் வருஷத்துச் சுங்கவரிச் சட்டம், 304-ஆம் பிரிவு, இறக்குமதிப் பொருளில் அது உண்டான நாட்டின் பெயர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும் என்கிறது. விலக்குப் பட்டியல் ஒன்றும் உண்டு. முட்டை, விறகு, கிறிஸ்துமஸ் மரம் இவற்றோடு அறுத்த மரமும் அதில் இருக்கிறது. 1938-இல் சட்டத்தைத் திருத்தியபோது, அந்த செப்டம்பர் 1-க்குப் பிறகு அறுத்த மரத்துக்கும் தந்திக் கம்பத்துக்கும் விலக்கு கிடையாது என்று எழுதினார்கள். அதே மூச்சில், வர்த்தக உடன்பாட்டுக்குத் தேவையென்றால் ஜனாதிபதி அதை நிறுத்தி வைக்கலாம் என்றும் எழுதினார்கள். ஒரு கையால் பிடுங்கி மறு கையால் கொடுத்த கதை. ஆனால் அதே மரம் கதவாகவோ மேசையாகவோ வந்தால் நாட்டின் பெயர் இருந்தே ஆகணும்.

எது 'நாடு'? பொதுவாக, மரம் கடைசியாக வேறு பொருளாக மாறிய இடம். உருட்டுக் கட்டை பலகையானால் மாறிவிட்டது. பலகையை உலர்த்தி இழைத்தால் மாறவில்லை. கனடா மரத்தின் மேல் 2018 ஜனவரியில் வந்த வரி உத்தரவிலும், அமெரிக்க மரத்தை அங்கே அனுப்பி உலர்த்தி, இழைத்துத் திருப்பிக் கொண்டுவந்தால் அதற்கு விலக்கு உண்டு.

சுங்கத்துக்கு நாடு எழுத வேண்டாம் என்பதால் நமக்குக் கவலை இல்லை என்று இருக்க முடியாது. அங்கே வீடு கட்டும் சட்டங்களில் தர முத்திரை இருக்கும். மர வகை, தரம், மில் எண், ஈரப்பதம் எல்லாம் அதிலேயே தெரியும். 'எஸ்-பி-எஃப்' என்றால் ஸ்ப்ரூஸ், பைன், ஃபர் சேர்ந்த கனடா மரம். கூடவே 'சவுத்' என்று இருந்தால் அமெரிக்காவில் விளைந்தது. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. ஆனால் இரண்டாம் தரத்தில், வடிவமைப்புக்கு எடுக்கும் அடிப்படை வளைவு வலிமை முதலாவதற்குச் சதுர அங்குலத்துக்கு 875 பவுண்டு, இரண்டாவதற்கு 775 தான். நெகிழ்ச்சிக் குணகம் 14 லட்சம், 11 லட்சம். பிறந்த ஊரை மாற்றி எழுதினால் வரி மட்டுமா தப்பும்? உத்தரமே தொய்யும்.

மூன்றாவது கேள்வி, எங்கே முளைத்தாய்? 2008-இல் லேசி சட்டத்தைத் திருத்தி, மரத்தின் தாவரவியல் பெயரையும் அது வெட்டப்பட்ட நாட்டையும் எழுதித் தரச் சொன்னார்கள். அறுத்த நாடு சீனாவாக இருக்கலாம், வெட்டிய நாடு ரஷ்யாவாக இருக்கலாம். லம்பர் லிக்விடேட்டர்ஸ் என்ற பெரிய தரைப்பலகைக் கம்பெனி, ரஷ்யத் தூரக்கிழக்கில் வெட்டிய மங்கோலிய ஓக்கை 'வெல்ஷ் ஓக்' என்று காகிதத்தில் காட்டியது. 2015-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2016-இல் ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு மேல் தண்டம். அந்தக் காடு சைபீரியப் புலியின் காடு. ஒரு வார்த்தையை மாற்றி எழுதினதில் புலியின் வீடு போகிறது.

இதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம் என்று இருந்துவிடாதீர்கள். அதே 4403, அதே 4407 நம்ம தூத்துக்குடித் துறைமுகத்திலும் உண்டு. மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுக் கட்டை ஏற்றுமதியை நிறுத்தியதும் 'பர்மா தேக்கு' கட்டை எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு மரக்கடையிலும் கேட்க வேண்டியதாயிற்று. வர்த்தக ஒப்பந்தத்தைக் காட்டிச் சலுகை வரி கேட்டால், வெறும் சான்றிதழ் போதாது, அந்தப் பொருள் அந்த நாட்டில்தான் உண்டானது என்பதற்கான விவரம் இறக்குமதி செய்பவர் கையிலேயே இருக்கணும் என்று 2020 செப்டம்பர் முதல் இந்தியாவிலும் விதி வந்திருக்கிறது.

தம்பி தங்கைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஏஜெண்ட் மரத்தைப் பார்ப்பதில்லை. இன்வாய்ஸில் நீங்கள் எழுதிய வாசகத்தைத்தான் பார்க்கிறார். "மரம், 500 எண்ணம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்காதீர்கள். என்ன மரம், தாவரவியல் பெயர் என்ன, கனம், அகலம், நீளம் எவ்வளவு, இழைத்ததா, காடி எடுத்ததா, ஓட்டை இருந்தால் எதற்கு, எங்கே வெட்டியது, எங்கே அறுத்தது, எல்லாம் எழுதுங்கள். வரி குறைகிற மாதிரி எழுதச் சொல்லி யாராவது கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள். அப்போது மரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு, கண்ணில் தெரிவதை எழுதுங்கள். நம் கையெழுத்துக்கு மரியாதை அதில்தான் இருக்கிறது.