கூரை உள்ளவர்களுக்கு மட்டுமா இரவு?

(சென்னையில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் முனைவர் பட்ட ஆய்வு சென்னையின் இசை அரங்குகளைப் பற்றியது என்று சொன்னால், எதிரில் இருப்பவர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த சபா கேண்டீன்ல காபி நல்லா இருக்கும்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. மூன்று டிசம்பர்களாக ஒவ்வொரு சபாவாகப் போய் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன் நான். ஆனால் இந்த ஊரில் இசை கேட்கப் போவது என்றாலே டி.டி.கே. சாலைக்கும் மயிலாப்பூருக்கும் போவதுதான் என்று ஏன் ஆகிவிட்டது? அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி. எங்கள் சித்தப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இரவில் கானா பாடியவர். சாவு வீடுகளில் பாடுவார், பதினாறாம் நாள் காரியத்தில் பாடுவார், ஏப்ரல் 14க்கும் டிசம்பர் 6க்கும் அம்பேத்கர் சிலையடியில் பாடுவார். ஒரு டோலக், ஒரு சட்டி, கிடைத்தால் ஆர்மோனியம். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்தால், விடியும்வரை பாட்டு போகும். இறந்தவர் பெயர், அவர் பார்த்த வேலை, அவர் குடித்த டீக்கடை, அவருக்கு யார் யாரோடு சண்டை என்று எல்லாம் அந்தப் பாட்டுக்குள் வந்துவிடும். மகளை அழவைப்பார், அடுத்த வரியிலேயே சிரிக்கவைப்பார். செய்தித்தாளில் இரங்கல் வராத ஒரு மனிதனுக்கு அவர் தெருவில் கிடைக்கும் இரங்கல் கட்டுரை அதுதான் என்று நான் நினைப்பதுண்டு.

இந்த நகரத்தின் இசை எப்போதும் தெற்கில்தான் இருந்தது என்று நம்பிவிடாதீர்கள். வீணை தனம்மாள் வாழ்ந்தது ஜார்ஜ் டவுனில். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வாசிப்பார். பெரிய வித்வான்களெல்லாம் அந்த வீட்டைத் தேடி வந்து கேட்டார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாளும் அந்தப் பக்கம்தான் வாழ்ந்தார். தேவதாசி மரபில் வந்த பெண்கள் காப்பாற்றி வைத்திருந்த இசை, வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் குடிபோன பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. மேடை வந்தது, நிபுணர் குழு வந்தது, பட்டம் வந்தது. அகாடமி தொடங்கி நாற்பதாவது ஆண்டில், 1968இல்தான் சங்கீத கலாநிதி பட்டம் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு.

நாகஸ்வரத்துக்கு நடந்ததையும் பாருங்கள். கலைஞர்கள் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்றிருந்த வழக்கத்தோடு மோதி, மேடையில் உட்கார்ந்து வாசித்தவர் டி.என். ராஜரத்தினம் பிள்ளை. இன்று சபாக்களில் நாகஸ்வரம் எப்போது ஒலிக்கிறது? தொடக்க நாளில், மங்கல இசை என்ற பெயரில். ஆட்கள் வந்து இடம் பிடித்து, தெரிந்தவர்களுக்குக் கை அசைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில். மாலை ஆறு மணி டிக்கெட் கச்சேரியில் அந்தக் கருவியைத் தேடிப் பார்த்தால் என் குறிப்பேட்டின் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை.

1943இல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியது. பெரும்பாலும் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் கச்சேரி நடக்கும் ஊரில் தமிழில் பாடு என்று கேட்டது பெரிய கலகம்தான்; ராஜா அண்ணாமலை மன்றமும் பாரிமுனைப் பக்கம் எழுந்தது. அந்தப் போராட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அன்று கேட்கப்பட்டது தமிழ்க் கீர்த்தனைக்கும் பண்ணுக்குமான இடம். பறைக்கோ, கூலிக்காரன் பாட்டுக்கோ யாரும் கேட்கவில்லை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். சித்தப்பா இரண்டு வருடங்களுக்கு முன்பு இறந்துபோனார். சாவுக்குப் பாட்டு நடந்தது. முப்பதாம் நாள், அவரோடு பாடியவர்களையெல்லாம் ஓர் அரங்கத்தில் உட்காரவைத்து ஒரு மாலை பாடவைக்கலாம் என்று எனக்கு ஆசை. பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன் அல்லவா, அரங்கம் என்றால் ஒரு மயக்கம். ஓர் அரங்கத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். தேதி இருக்கிறது என்றார், வாடகை சொன்னார், முன்பணத்துக்கு ரசீதுப் புத்தகத்தைக்கூட எடுத்துவிட்டார். "என்ன புரோகிராம் சார்?" என்றார். கானா என்றேன். புத்தகத்தை மூடினார். "கச்சேரின்னா பரவாயில்லை சார். இதுக்கெல்லாம் கமிட்டியில ஒத்துக்க மாட்டாங்க. சேர் எல்லாம் உடைஞ்சிடும்." சித்தப்பாவின் கூட்டாளிகளில் பாதிப் பேருக்கு மூட்டுவலி. நாற்காலியில் ஏறி உட்காரவே ஆள் பிடிக்க வேண்டும்.

அரங்கம் இல்லையென்றால் தெருவில் பாடு என்பீர்கள். இங்கேதான் சட்டம் வருகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளை நான் வரிவரியாகப் படித்தேன். ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ கூடாது. ஆனால் விலக்கு உண்டு: மூடிய இடங்களுக்கு. அரங்கம், மாநாட்டு அறை, சமுதாயக் கூடம், விருந்து மண்டபம் என்று விதியே பெயர் சொல்கிறது. நட்சத்திர ஓட்டல் மதுக்கூடத்தில் பதினொன்றரைக்குக் கிட்டார் வாசிக்கலாம். சுவர் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது. திறந்த வெளியில் பண்பாட்டு, சமய விழாக்களுக்கு நள்ளிரவுவரை அரசு தளர்வு தரலாம், ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் போகாமல். ஏழை செத்துப்போவது திருவிழாப் பட்டியலில் வருமா?

பக்கத்து வீட்டு நோயாளிக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் தூக்கம் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. எங்கள் தெருவிலேயே அதற்காகச் சண்டை நடந்திருக்கிறது. விதி சாதி பார்த்து எழுதப்பட்டது என்றும் சொல்லவில்லை. ஆனால் சுவரும் கூரையும் யாரிடம் இருக்கின்றன என்பதைச் சாதி எப்போதோ தீர்மானித்துவிட்ட ஊரில், இந்த விதி யார் வீட்டு வாசலில் ரோந்து வண்டியை நிறுத்தும் என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது தெருவும் போய்க்கொண்டிருக்கிறது. கரையோரம் இருந்தவர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தூக்கிக் கொண்டுபோய்ப் போட்டார்கள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் குடியிருப்பு. ஆறாவது மாடியில் ஒருவர் இறந்தால் உடலை எங்கே வைப்பது, பந்தலை எங்கே போடுவது, பாடுகிறவர் எங்கே உட்காருவது? நான் போயிருந்த ஒரு சாவில் உடலைக் கீழே இறக்கி, இருசக்கர வண்டிகள் நிறுத்துமிடத்தில் வைத்தார்கள். பாட வந்தவர் புளியந்தோப்பிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தார். திரும்பிப் போகக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று ஒன்பதரைக்கே எழுந்துவிட்டார். விடியவிடிய நடந்த ஒரு கலை பேருந்து நேரத்துக்குள் சுருங்கியதை அன்று பார்த்தேன்.

நல்லதும் நடந்திருக்கிறது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறை மேடை ஏறியபோது நானும் கூட்டத்தில் இருந்தேன். அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதி பேதமற்ற' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். கானாவும் பறையும் கிட்டாரும் ஒரே மேடையில். கானா பாட ஒரு பெண், இசைவாணி. 2020 முதல் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' நடத்துகிறது. அந்த மாதமே தங்களுடையது என்று இருந்தவர்களிடம் மார்கழியைத் திருப்பிக் கேட்ட துணிச்சலுக்காகவே அதைக் கொண்டாடுவேன். எதிர்ப்பக்கம் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதையும் 2024இல் பார்த்தோம். டி.எம். கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதி அறிவித்ததும், அவர் பெரியாரைப் போற்றுகிறார் என்பதையே ஒரு காரணமாகச் சொல்லிக் கலைஞர்கள் சிலர் அந்த ஆண்டு மாநாட்டிலிருந்து விலகினார்கள்.

ஆனாலும் மேடையிடம் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. சித்தப்பாவை ஒருமுறை பூங்கா ஒன்றில் நடந்த அரசு விழாவில் பாட அழைத்தார்கள். பத்து நிமிடம் கொடுத்தார்கள். போய்விட்டு வந்து, "இன்னா கண்ணு, செத்தவன் பேரு சொல்லவே எனக்குப் பத்து நிமிசம் ஆவும். அங்க எவனும் சாவவும் இல்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு இன்றுவரை அதற்குப் பதில் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் நமக்குள் பேசியாக வேண்டும். கானாவின் ஒரு பகுதி பெண்களைப் பற்றிப் பாடுவது கேட்கக் கூசும்படி இருக்கிறது. ரவுடிப் புகழ் பாடுவதும் உண்டு. நம்முடையது என்பதற்காக அதைத் தாங்கிப் பிடிக்க என்னால் முடியாது. பறை விஷயத்திலும் இதேபோல ஒரு நெருடல் உண்டு. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று கருவியைத் தூக்கி எறிந்து அடிவாங்கிய பெரியவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் பறையை விடுதலைக் கருவி என்று நாம் அடிக்கும்போது, அவர்கள் முகத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

சபாக்களின் கதவைத் தட்டுவதில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. மாநகராட்சிச் சமுதாயக் கூடங்கள் நம் வரிப்பணத்தில் கட்டியவை. ஒலி விதியின் விலக்குப் பட்டியலில் சமுதாயக் கூடமும் இருக்கிறது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் திறக்கும் கூடம், காரியப் பாட்டுக்கும் இரவில் திறக்க வேண்டும். பெரும்பாக்கம் போன்ற இடங்களில் ஒவ்வொரு தொகுதிக்கும் கீழே, உடலை வைக்கவும் ஆட்கள் உட்காரவும் கூரை போட்ட இடம் வேண்டும். இதை மனுவாக எழுதி எங்கள் பகுதி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். நகல்கள் பின்வரிசை மேசையில் இருக்கின்றன. உங்கள் பகுதியின் பெயரை மாற்றி நீங்களும் கொடுங்கள்.

சித்தப்பாவோடு பாடியவர்கள் வருகிற சனிக்கிழமை எங்கள் தெருமுனையில் பாடுகிறார்கள். ஒலிபெருக்கி அனுமதி கிடைத்துவிட்டது. பத்து மணிக்கு நிறுத்த வேண்டும் என்பதால் ஏழுக்கே தொடங்குகிறோம். தாமதமாக வராதீர்கள்.