பரிசோதனைக்குப் பின்பும் கைவிடாதவர்

(மரக்காணத்தில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



மருத்துவமனை என்றவுடன் நாம் டாக்டரையும் நர்ஸ் அம்மாவையும் நினைக்கிறோம். ரத்தத்தையும் சளியையும் வாங்கிப் பரிசோதிக்கிற ஆய்வுக்கூடத்தை நினைக்கிறவர்கள் குறைவு. இன்ன நோய் என்று தெரியாமல் கொடுக்கிற மருந்து, இருட்டில் எறிகிற கல்லைப் போன்றதுதான். ஆகையால் இந்த மாலையில், ஆய்வுக்கூடத்தில் தொடங்கி நோயாளியின் வீட்டு வாசல்வரை நடந்துபோன ஒரு டாக்டரைக் குறித்துச் சொல்ல விரும்புகிறேன். அவர்தான் டாக்டர் சுனிதி சாலமன் அம்மையார்.

சென்னையில் தோல் வியாபாரம் செய்துவந்த கெய்டொண்டே என்ற மராத்தியக் குடும்பத்தில் பிறந்தவர். ஆண்டுதோறும் வீட்டுக்கு வந்து தடுப்பூசி போட்ட சுகாதார அதிகாரியைப் பார்த்துத்தான் சிறுமிக்கு மருத்துவத்தில் ஆசை பிறந்ததாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். இருதய அறுவை நிபுணரான விக்டர் சாலமனை மணந்தார். இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் பணிபுரிந்து, தம்முடைய வேலை இந்தியாவுக்கே அதிகம் தேவை என்று 1973-ல் திரும்பினார். பின்பு நுண்ணுயிரியலில் மேற்பட்டம் பெற்று, தாம் படித்த கல்லூரியிலேயே பேராசிரியரானார்.

எய்ட்ஸ் என்று பின்னால் பெயர் பெற்ற நோயைப் பற்றிய முதல் அறிக்கை 1981-ல் அமெரிக்காவில் வந்தது. 1983-ல் பாரிஸ் விஞ்ஞானிகள் கிருமியைக் கண்டார்கள். 1985-ல் ரத்தத்தில் அதன் அடையாளத்தைக் காண எலைசா என்னும் சோதனை புழக்கத்துக்கு வந்தது. அது மேல்நாட்டு நோய், நம் தேசத்துக்கு வராது என்று இங்கே பலரும் நம்பியிருந்த காலம் அது. சுனிதி அம்மையாரோ, தேடிப் பார்க்காமல் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று எண்ணினார். தம் மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவிடம் இதையே ஆய்வுப் பொருளாகக் கொடுத்தார்.

நிர்மலா சென்னையில் பெண்கள் அடைத்து வைக்கப்பட்டிருந்த விஜிலென்ஸ் ஹோம் என்னும் காப்பகத்துக்குப் போய், 80-க்கும் அதிகமான ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். கையுறை இல்லை, வேறு பாதுகாப்பும் இல்லை. ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்திருந்தார். எலைசா செய்ய அன்று சென்னையில் வசதி கிடைக்கவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி கதவைத் திறந்தது. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் அவர் கணவரும் மாதிரிகளை எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடிக்குப் போனார்கள்.

சோதனை எளிதாகவே இருக்கும். ஒரு தட்டில் வரிசையாகச் சிறு குழிகள். அவற்றில் கிருமியின் புரதம் பூசியிருக்கும். கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய பொருள் சீரத்தில் இருந்தால், அது அங்கே ஒட்டிக்கொள்ளும். கடைசியில் விடுகிற திரவம் நிறம் மாறிக் காட்டும். அன்று நடுப்பகலில் மின்சாரம் நின்றுபோக, எல்லோரும் தேநீர் குடிக்கப் போனார்கள். முதலில் திரும்பியவர்கள் நிர்மலாவும், வேலூரில் டாக்டர் ஜேக்கப் ஜானின் துறையில் இருந்த டாக்டர் ஜார்ஜ் பாபுவும். மூடியைத் திறந்த ஜார்ஜ் பாபு சட்டென்று மூடிவிட்டார். ஆனால் நிர்மலா பார்த்துவிட்டார். ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன.

மறுபடியும் மாதிரிகள் எடுக்கப்பட்டன. அமெரிக்காவுக்கு அனுப்பி, வெஸ்டர்ன் பிளாட் என்னும் வேறொரு சோதனையாலும் உறுதி செய்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் சுகாதார அமைச்சர் எச். வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது.

அன்பானவர்களே, விஞ்ஞானத்தின் வெற்றி என்று இங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் அந்தக் காப்பகத்துப் பெண்களுக்கு எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பதுகூடச் சொல்லப்படவில்லை. முடிவு தெரிந்தபோது கொடுக்க மருந்தும் இல்லை. எச்.ஐ.வி.க்கு எதிரான முதல் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1987-ல்தான். நோயைக் கண்டுபிடித்த சோதனையால் அந்தப் பெண்களுக்கு என்ன பயன்? நோய் அறியும் வேலையில் இருக்கிற எவரையும் தூங்கவிடாத கேள்வி இது.

சுனிதி அம்மையாருடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் இந்தக் கேள்விக்குச் சொன்ன பதிலாகவே எனக்குத் தோன்றுகிறது. நோய் உறுதியானவரை வீட்டார் விலக்கினார்கள், சில மருத்துவர்களும் தொட அஞ்சினார்கள். விக்டர் சாலமனும் ஆரம்பத்தில் தம் மனைவி இந்த வேலையில் இறங்குவதை விரும்பவில்லை. அவர்கள் கதையை ஒருமுறை கேட்டால் நீங்கள் இப்படிச் சொல்லமாட்டீர்கள் என்றாராம் அம்மையார். அரசு வேலையை விட்டு, 1993-ல் தம் தகப்பனார் பெயரால் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற நிலையத்தைத் தொடங்கினார். அங்கே ஆய்வுக்கூடமும், மருத்துவமும், உட்கார்ந்து பேசும் ஆலோசனையும் ஒரே கூரையின்கீழ் இருந்தன.

ஆம், இல்லை என்று சொல்வதோடு சோதனையும் நிற்கவில்லை. உடலின் காவற்படையான சிடி4 அணுக்கள் எத்தனை மீந்திருக்கின்றன, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படாமல் மாறியிருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அளந்து பார்க்கும் காலம் வந்தது. இதைத் துல்லிய மருத்துவம் என்கிறார்கள். மரக்காணத்து உப்பளத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே உப்புநீர்தான் பாய்கிறது. ஆனாலும் எல்லாப் பாத்தியையும் ஒரே நாளில் வாருவதில்லை. எந்தப் பாத்தியில் உப்பு விளைந்திருக்கிறது என்று பார்த்தல்லவா வாருபலகையை இறக்குகிறார்கள்? ஒரே நோய்தான், ஆனாலும் ஆளுக்கு ஆள் நிலைமை வேறு.

2004 ஏப்ரல் முதல் அரசு கூட்டு மருந்துகளை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. மருந்தைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் சோதனைக்கு அகப்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்திருந்தால், தாம்பத்தியத்தின் மூலம் துணைக்கு நோய் பரவுவதில்லை என்று இன்று நாம் அறிவோம்.

இன்னொரு காரியம். பிழைத்துக்கொண்ட வாலிபர்கள் கல்யாணம் செய்ய ஆசைப்பட்டார்கள். அம்மையார் அவர்களுக்கு வரன் பார்த்தார்! ஊர், உறவு, படிப்பு, வேலை விசாரிப்பதோடு, சிடி4 எண்ணிக்கையையும் மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்த்துப் பொருத்தம் சொன்னார். ஜாதகக் கட்டு இருக்கவேண்டிய இடத்தில் ஆய்வுக்கூட அறிக்கை இருந்தது. காப்பகத்தில் மஞ்சளாகிய குழிகளிலிருந்து கல்யாணப் பந்தல்வரை, அந்த ஒரு சோதனை எத்தனை தூரம் வந்துவிட்டது பாருங்கள். 2015 ஜூலையில் அம்மையார் காலமானார். 2017-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அதே 2017-ல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி. சட்டம், ஒருவருடைய சம்மதமில்லாமல் சோதனை செய்யவும், முடிவைப் பிறருக்கு வெளியிடவும் பொதுவில் தடை விதிக்கிறது.

நம் கரைக்கு இதில் என்ன பாடம்? எச்.ஐ.வி. உள்ளவரைக் காசநோய் எளிதில் பற்றுகிறது. சளியிலுள்ள காசநோய்க் கிருமியின் மரபணுவைச் சுமார் 2 மணி நேரத்தில் கண்டு, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்றும் சொல்லும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையை உலக சுகாதார நிறுவனம் 2010-ல் ஏற்றுக்கொண்டது. இயந்திரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். ஆனால் அளத்தில் நிற்கிறவருக்கு ஒரு நாள் வந்துபோனால் ஒரு நாள் கூலி போகிறது. முடிவை வாங்க மறுநாள் வா என்றால் வராமலே இருந்துவிடுகிறார். வருகிறவரும் மெல்ல அருகில் வந்து, "ஐயா, இது ஊருக்குத் தெரிஞ்சிடுமா?" என்றுதான் முதலில் கேட்கிறார். நோய் என்ன என்பது அதற்குப் பிறகுதான்.

ஆகையால் காகிதத்தில் அச்சாகிற முடிவு பாதி வேலைதான். எதற்காக இந்தச் சோதனை என்று முன்பே சொல்லுவதும், அன்றைக்கே முடிவைக் கையில் கொடுக்க முயலுவதும், இரகசியத்தைக் காப்பதும், மருந்து முடியுமட்டும் பெயர் சொல்லி விசாரிப்பதும் மற்றப் பாதி. இயந்திரம் பழுதானால் ஆள் அனுப்பிச் சரிசெய்கிறோம். இந்த மற்றப் பாதிக்கு அப்படி அனுப்ப ஆள் கிடையாது, நாமே நிற்கவேண்டும். உங்கள் தெருவில் நாள்பட்ட இருமலோடு ஒருவர் இருந்தால், அவரோடு ஒரு காலைப்பொழுது ஆய்வுக்கூடம்வரை வாருங்கள். முடிவு வரும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.