பாட்டிமார் கடல்

தென்கொரியாவின் ஜெஜூ தீவில் ‘ஹெனியோ’ என்ற பெண்கள் இருக்கிறார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது. மூச்சை அடக்கி 10 மீட்டர் ஆழம்வரை முங்கி, சங்கு, சிப்பி, கடற்பாசி எடுத்து வருவார்கள். மிதப்பதற்கு அந்தக் காலத்தில் சுரைக்குடுக்கை. இப்போது தெர்மாகோல் மிதவை. அதன் அடியில் வலைப்பை தொங்கும்.

ஒரு நிமிடம் கழித்துத் தலை மேலே வந்ததும், அடக்கிய மூச்சை விடுவார்கள் பாருங்கள், விசிலடித்த மாதிரி ஓர் ஒலி! அதற்கு ‘சும்பிசோரி’ என்று பெயர். பெரும்பாலோருக்கு 60 வயது தாண்டிவிட்டது. 80 வயதிலும் முங்குகிறவர்கள் உண்டு.

1932-ல் ஜப்பானிய ஆட்சி தங்கள் உழைப்பைச் சுரண்டியபோது, தெருவில் இறங்கிப் போராடியவர்களும் இவர்கள்தான். 2016-ல் யுனெஸ்கோ இவர்களின் பண்பாட்டை மரபுப் பட்டியலில் சேர்த்தது.

என் மனசில் நிற்பது வேறொன்று. ஆழத்துக்குப் போக முடியாத மூத்தவர்களுக்கென்றே, கரையோரம் ஆழமில்லாத பகுதியை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ‘ஹல்மாங் பாதாங்’, அதாவது பாட்டிமார் கடல். இளையவர்கள் அங்கே கை வைப்பதில்லை. பாட்டியும் யாரிடமும் கையேந்தாமல், வலைப்பையை எடுத்துக்கொண்டு தானே தண்ணீரில் இறங்குகிறார்.