வில்லாளரும் விலக்கப்பட்ட மருந்தும்

ஊக்கமருந்து என்றதும் பளு தூக்குபவரும் ஓட்டக்காரரும்தான் நம் நினைவுக்கு வருவார்கள். வில்வித்தையாளர் ஓடுவதுமில்லை, எவரோடும் மோதுவதுமில்லை. நின்ற இடத்தில் நிற்கிறார். அவருக்கு எதற்கு ஊக்கமருந்து என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த நிற்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒலிம்பிக் போட்டியில் இலக்கு 70 மீட்டர் தொலைவில் இருக்கிறது. இலக்குத் தாளின் குறுக்களவு 122 சென்டிமீட்டர். பத்துப் புள்ளி தரும் நடுவட்டமோ 12.2 சென்டிமீட்டர்தான், தேநீர்க் கோப்பையின் அடித்தட்டைவிடச் சற்றுச் சிறியது. நடுவைக் குறிவைத்த அம்பின் முனை, எய்யும் கணத்தில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக விலகினால் போதும், பத்துப் புள்ளி போய்விடும். எதிராளியோடு மாறி மாறி எய்யும் ஆட்டத்தில் ஓர் அம்புக்கு 20 விநாடிதான் அவகாசம். அந்த நேரத்தில் உடலில் அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, விரல் நடுங்குகிறது. இந்தப் படபடப்பை அடக்குவதே வில்லாளரின் பல்லாண்டுப் பயிற்சி.

அதை ஒரு மாத்திரையும் செய்துவிடும். பீட்டா பிளாக்கர் எனப்படும் மருந்து வகை, அட்ரினலின் இதயத்தைத் தூண்டாமல் தடுக்கிறது. நாடித் துடிப்பு தணிகிறது, கைநடுக்கம் குறைகிறது. இவ்வகையில் புகழ்பெற்ற புரோப்ரனோலால் என்ற மருந்தை 1960-களில் உருவாக்கியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக். 1988-இல் அவர் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதய நோயாளிகளுக்கு இது பெரும் வரம். வில் பிடிப்பவருக்கோ தடை. கோல்ஃப், பில்லியர்ட்ஸ் போன்ற ஆட்டங்களில் போட்டி வேளையில் மட்டும் இதற்குத் தடை. வில்வித்தையிலும் துப்பாக்கி சுடுதலிலும் போட்டி இல்லாத நாட்களிலும் தடைதான்.

இது வெறும் ஏட்டுச் சட்டம் அன்று. 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரியத் துப்பாக்கி வீரர் கிம் ஜொங் சு ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வென்றார். அவருடைய சிறுநீரில் புரோப்ரனோலால் காணப்பட்டது. இரண்டு பதக்கங்களும் பறிக்கப்பட்டன. அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில், சோதனையில் சிக்கித் தகுதி இழந்த முதல் வீரரும் குறிபார்த்துச் சுட வேண்டியவர்தான். ஐந்து அங்கப் போட்டியில் கலந்துகொண்ட சுவீடன் நாட்டு லில்யென்வால் அவர். துப்பாக்கிச் சுற்றுக்கு முன் பதற்றம் தணிய இரண்டு பீர் குடித்ததாகச் சொன்னார். அவருடைய குழுவே வெண்கலப் பதக்கத்தை இழந்தது. வில்வித்தையிலும் போட்டி வேளையில் மது தடைப்பட்டியலில் இருந்தது. 2018-இல்தான் அது உலகப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு, அந்தந்த விளையாட்டுச் சம்மேளனத்தின் பொறுப்புக்கு விடப்பட்டது.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். இரத்தக் கொதிப்பு மாத்திரை இல்லாத வீடு நம்மிடையே குறைவு. தாத்தா சாப்பிடும் அட்டெனோலால் ஒரு பீட்டா பிளாக்கர். ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமலிருக்க டாக்டர் எழுதிக் கொடுப்பது புரோப்ரனோலாலாக இருக்கலாம். கண் அழுத்த நோய்க்கு விடும் டிமோலால் சொட்டு மருந்தும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. பள்ளி அணியில் வில் பிடிக்கும் மகளுக்குத் தலைவலி என்று தாய் கிளினிக்குக்கு அழைத்துப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் முறையான மருந்தைத்தான் கொடுக்கிறார். மகள் வில்வித்தை வீராங்கனை என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. மாநிலப் போட்டியில் சோதனை நடந்தால் அந்த மாத்திரை வெளிப்பட்டுவிடும். தெரியாமல் சாப்பிட்டேன் என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம். குற்றமே இல்லை என்றாகிவிடாது. உடலுக்குள் போனது எதுவானாலும் அதற்கு விளையாட்டாளரே பொறுப்பு என்பது விதி. கடுமையான விதிதான். ஆனால் ‘தெரியாது’ என்ற சொல்லை ஏற்றுக்கொண்டால், தெரிந்தே சாப்பிட்டவரும் அதையே சொல்வார் அல்லவா?

சோதனை எப்படி நடக்கிறது? அதிகாரி ஒருவர் அடையாள அட்டையைக் காட்டி, சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதாக அறிவிப்பார். அந்த நொடியிலிருந்து மாதிரி கொடுத்து முடிக்கும்வரை வீரர் அவர்கள் கண்பார்வையிலேயே இருக்க வேண்டும். அடைத்து வைத்த கலன்களில் ஒன்றை வீரரே எடுத்துக்கொள்வார். குறைந்தது 90 மில்லிலிட்டர் சிறுநீர் வேண்டும். அதைத் தருவதை அவர் பாலைச் சேர்ந்த ஒருவர் நேரில் பார்ப்பார். கூச்சமாகத்தான் இருக்கும், வேறு வழியில்லை. பிறகு ‘ஏ’, ‘பி’ என்ற இரு புட்டிகளில் வீரரே ஊற்றி முத்திரையிடலாம். கடந்த ஏழு நாட்களில் சாப்பிட்ட மருந்துகளைப் படிவத்தில் எழுத வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு எண் மட்டுமே போகும், பெயர் போகாது. ‘ஏ’ புட்டியில் குறை கண்டால், ‘பி’ புட்டியைத் திறந்து பார்க்கும்படி கேட்க வீரருக்கு உரிமை உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். பயந்து ஓடிவிடுவது மட்டும் கூடாது. காரணமின்றி மறுத்தால் நான்காண்டுத் தடைகூட வரலாம். பீட்டா பிளாக்கர் கண்டறியப்பட்டால் பொதுவாக இரண்டாண்டு வரை; வேண்டுமென்றே செய்தது என்று நிறுவப்பட்டால் நான்காண்டு.

உண்மையிலேயே நோயுள்ளவர் என்ன செய்வது? சிகிச்சைக்கான விலக்கு கேட்டு, மருத்துவச் சான்றுகளுடன் விண்ணப்பிக்கலாம்; போட்டிக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்னரே கொடுக்க வேண்டும். ஆனால் இதே மருந்து கையையும் உறுதியாக்குவதால், வில்லாளருக்கு இந்த விலக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஆகையால் முதலில் டாக்டரிடம், “வில்வித்தைப் போட்டிக்குப் போகிறவள், வேறு மருந்து உண்டா?” என்று கேட்பதே நல்லது. ஒற்றைத் தலைவலிக்கும் இரத்தக் கொதிப்புக்கும் பீட்டா பிளாக்கர் அல்லாத மருந்துகள் உண்டு. மாற்று மருந்தின் பெயரும் தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பட்டியல் ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாள் புதிதாக நடைமுறைக்கு வருகிறது. ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர் அதைத் தாமாகத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது, இதயத்துக்கு ஆபத்து. டாக்டர் சொல்லும் முறையில் சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும்.