ஞானம் கேட்போம், கேட்டபடி நடப்போம்

(கூட்டமைப்புக் கூட்டத்தில் கிறிஸ்தவ உறுப்பினர்கள் சார்பாகப் பேசியது)



விழுப்புரம் பக்கமிருந்தும் திண்டிவனம் பக்கமிருந்தும் வீட்டு வேலை, காட்டு வேலை எல்லாத்தையும் ஒதுக்கி வச்சிட்டு வந்திருக்கீங்க. இங்கே எல்லா மதத்துக்காரங்களும் இருக்கோம். எங்களை "ஞானம்" பத்திப் பேசச் சொன்னாங்க. எங்க வேதத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறோம். ஆனால் விஷயம் எல்லாருக்கும் பொதுவானதுதான்.

சாலொமோன் ராஜாவானபோது நீண்ட ஆயுளையோ சொத்தையோ கேட்கவில்லை. நல்லது எது, கெட்டது எது என்று பிரித்துப் பார்க்கிற மனசைத்தான் கடவுளிடம் கேட்டார். ஞானம் குறைவாக இருக்கிறதா, கடவுளிடம் கேளுங்கள், கொடுப்பார் என்று யாக்கோபு நிருபமும் சொல்கிறது. சரி, கேட்கிறோம். அது எப்படி வரும்? வானத்திலிருந்து குரல் வருமா? இதற்குப் பதில் தேடி எங்கேயும் தூரமாகப் போக வேண்டாம். நம்ம திண்டிவனத்திலேயே இருக்கிறது.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தெரியாதவர்கள் இங்கே இல்லை. அதைத் தொடங்கியவர் ஐடா ஸ்கடர் அம்மையார். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்க மிஷனரி குடும்பம், அப்பா டாக்டர். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஐடா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-களில் திண்டிவனம் வந்தார். இங்கேயே தங்கி ஊழியம் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை. அமெரிக்கா திரும்பித் தன் வாழ்க்கையைப் பார்க்கணும் என்பதுதான் ஆசை.

ஒரு ராத்திரி ஒரு பிராமண இளைஞர் வந்தார். 14 வயசு மனைவி பிரசவ வலியில் துடிக்கிறாள், நீங்க வரணும் என்றார். "எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா டாக்டர், அவரைக் கூட்டிட்டுப் போங்க" என்றார் ஐடா. வேற்று ஆண் என் மனைவியைப் பார்க்கக் கூடாது என்று அவர் திரும்பிப் போய்விட்டார். அதே ராத்திரி ஒரு முஸ்லிம் வீட்டுக்காரர், பிறகு இன்னொரு இந்து வீட்டுக்காரர். மூன்று பேருக்கும் ஒரே கஷ்டம், மூன்று பேரிடமும் ஒரே பதில். ராத்திரி முழுக்க ஐடா தூங்கவில்லை, ஜெபம் பண்ணினார். விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. விசாரித்தால், மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள். டாக்டராகித் திரும்பி வருவேன் என்று ஐடா முடிவெடுத்தது அப்போதுதான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது மூன்று விஷயம்.

முதலாவது, அவருக்கு ஞானம் அக்கம்பக்கத்துப் பெண்களின் துன்பத்தின் வழியாகத்தான் வந்தது. கண்ணை மூடி ஜெபித்தார், விடிந்ததும் என்ன ஆச்சு என்று ஆள் அனுப்பி விசாரித்தார். ஜெபமும் வேணும், விசாரிப்பும் வேணும்.

இரண்டாவது, ஜெபம் பண்ணியாச்சு, இனி கடவுள் பார்த்துக்குவார் என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. கடல் தாண்டிப் போய் வருஷக்கணக்கில் படித்து 1899-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1900-ல் திரும்பி வந்து வேலூரில் ஒரு சின்ன அறையில் வைத்தியம் தொடங்கினார். 1902-ல் பெண்களுக்கான ஆஸ்பத்திரி எழுந்தது.

மூன்றாவது, கிடைத்த அறிவைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு டாக்டரம்மா எத்தனை பேரைப் பார்க்க முடியும்? 1909-ல் நர்ஸ் பயிற்சி தொடங்கினார். 1918-ல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி திறந்தார். பெண்கள் எங்கே படிக்க வரப்போகிறார்கள் என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. 1922-ல் முதல் அணியில் 14 பெண்கள் தேர்ச்சி பெற்று வெளியே வந்தார்கள். ஐடா அம்மையார் 1960-ல் கொடைக்கானலில் காலமானார். அவர் தொடங்கிய வேலை இன்னும் நடக்கிறது.

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம்.

கர்ப்பமாயிருக்கிற மகளுக்குக் கால் வீங்குது, தலை வலிக்குது, பிரஷர் ஏறியிருக்குன்னு நர்சம்மா சொல்றாங்க. "ஜெபம் பண்ணியிருக்கோம், ஒண்ணும் ஆகாது"ன்னு வீட்டிலேயே வச்சிருந்தா அது விசுவாசம் ஆகாது சகோதரிகளே, ஆபத்து. அன்றைக்கு அந்த மூன்று பெண்களுக்குப் பெண் டாக்டர் இல்லை. இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு, முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, 108-க்குப் போன் போட்டா வண்டி வருது. வண்டியில ஏறிக்கிட்டே ஜெபம் பண்ணலாம், கடவுள் கேட்பார்.

கடன் விஷயமும் இப்படித்தான். கடன் வாங்கலாமா வேணாமான்னு வசனச் சீட்டு எடுத்துப் பார்க்கிறவங்க நம்மில் இருக்காங்க. வட்டி எவ்வளவு, வாரத் தவணை எவ்வளவு, வீட்டு வருமானம் எவ்வளவுன்னு நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்க்கிறதும் கடவுள் கொடுத்த ஞானம்தான். பலபேர் ஆலோசனை இருந்தால் காரியம் உறுதிப்படும் என்று நீதிமொழிகள் சொல்கிறது. அந்தப் பலபேர் யாரு? பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நம்ம குழு உறுப்பினர்கள்தானே!

இன்னொன்றும் சொல்லியாகணும். அந்த ராத்திரி செத்துப்போன பெண்ணுக்கு 14 வயசு. 18 வயசு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006-ம் வருஷச் சட்டப்படி குற்றம். "நல்ல இடம், கடவுள் சித்தம்"னு சொல்லி யார் வந்தாலும், படிக்கிற பெண்ணை அனுப்பாதீங்க. பக்கத்து வீட்டில் அப்படி நடந்தால் 1098-க்குச் சொல்லுங்க.

எது கடவுள் தந்த ஞானம், எது நம்ம சொந்த ஆசை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யாக்கோபு நிருபத்திலேயே அடையாளம் இருக்கிறது. அது சமாதானமா இருக்கும், இரக்கமா இருக்கும், ஆள் பார்த்துப் பேசாது, வேஷம் போடாது. நாம் எடுத்த முடிவால் வீட்டில் யாருக்காவது அநியாயம் நடந்தால், எத்தனை வசனம் சொன்னாலும் அது ஞானம் ஆகாது.

ஆகவே சகோதரிகளே, இந்த மாதக் குழுக் கூட்டத்தில் இரண்டு கேள்வியை வையுங்கள். நம்ம தெருவில் கர்ப்பிணிகள் யார் யார், செக்கப் போனாங்களா? படிப்பை நிறுத்துகிற நிலைமையில் எந்தப் பெண் இருக்கிறாள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, யார் போய்ப் பார்க்கிறது என்றும் எழுதுங்கள்.

கும்பிடுகிற முறை வேறாக இருந்தாலும் அந்த வேலையை நாம் சேர்ந்தே செய்யலாம்.