ஊசி போட்டாச்சு, எலும்பு எங்கே இருக்கு?

சேமிப்பைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் இடுப்பைப் பற்றிப் பேசப்போறேன், கோவிச்சுக்காதீங்க.

ஆதனக்கோட்டைப் பக்கம் ரோட்டோரம் முந்திரி வறுத்து உடைக்கிற பெண்களைப் பார்த்திருப்பீங்க. நானும் அந்த வேலைதான். காலையில உட்கார்ந்தா பொழுது சாயத்தான் எழுந்திரிப்போம். இடுப்புல ஆரம்பிச்ச வலி ஒரு வருசத்துல கெண்டைக்கால் வரைக்கும் ஷாக் அடிச்ச மாதிரி இறங்கிருச்சு. ஊர்ல ஒருத்தர் ஊசி போடுவார். ரெண்டு நாள் வலி தெரியாது, மூணாம் நாள் மறுபடியும் போவேன். குழுக் கணக்கை ஒரு ரூபாய் பிசகாம எழுதுறவ, இந்த ஊசிக் கணக்கை மட்டும் எழுதலை. முகம் உப்பிச்சு, சர்க்கரை ஏறிச்சு. அது ஸ்டீராய்டுன்னு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனப்பதான் தெரிஞ்சது.

அங்கே படம் எடுத்துப் பார்த்தார்கள். இடுப்புப் பகுதியின் நான்காவது எலும்பு, ஐந்தாவதை விட்டு முன்பக்கம் நழுவியிருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் ஆண்களைவிடப் பெண்களுக்கே இப்படி அதிகம் நழுவுகிறது. நழுவிய எலும்பு நரம்பை நெருக்குவதால்தான் கால்வலி. மாத்திரையும் உடற்பயிற்சியும் போதாமல் போனதும், முதுகில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றார் டாக்டர்.

"திரும்பவும் அதே ஊசியா சார்?"ன்னு அழுதுட்டேன்.

இடுப்புச் சதையில் கண்டபடி போடுவது வேறு. எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி நரம்புக்குப் பக்கத்தில் அளவோடு போடுவது வேறு என்று விளக்கினார். இது நரம்பைச் சுற்றியுள்ள வீக்கத்தைத்தான் குறைக்கும். சிலருக்குச் சில வாரம், சிலருக்குச் சில மாதம் வலி குறையும். சிலருக்குக் கேட்காமலும் போகும். அடிக்கடி போடவும் கூடாது.

எனக்குக் கேட்டுச்சு. பத்தாம் நாள் முந்திரி மூட்டையைத் தூக்கினேன். அன்னைக்கு ராத்திரியே வலி திரும்பிருச்சு. வலிதான் போயிருந்தது, எலும்பு நழுவின இடத்துலயேதான் இருக்கு! வலி குறைஞ்ச அந்த நாட்களில் வயிற்றுக்கும் முதுகுக்கும் பயிற்சி செய்து சதையைப் பலப்படுத்தியிருக்கணும். இப்ப செய்யறேன். உட்கார்ந்து உடைக்க உயரமான மேசையும் போட்டாச்சு.

ஊசிக்குப் போறவங்க சர்க்கரை இருக்கா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுறீங்களான்னு மறைக்காம சொல்லுங்க. ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். ரொம்ப நாளா ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுறவங்க தானா நிறுத்தாதீங்க, டாக்டரைக் கேட்டுக் குறைக்கணும்.

ஒண்ணு மட்டும் வெட்கப்படாம கேளுங்க. சிறுநீர் வராம நின்னாலோ, தெரியாமப் போனாலோ, உட்காருற இடம் மரத்தாலோ, கால் இழுத்தாலோ மறுநாள் வரைக்கும் காத்திருக்காதீங்க. முள்ளூர்ல 2017-லேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. ராத்திரியா இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்க.