பெயர் அயல், நெஞ்சு தமிழ்

(திருவொற்றியூர் டோல்கேட்டில் ஆற்றப்பெற்ற உரை)



இவ்விடத்திற்கு டோல்கேட் என்னும் ஆங்கிலப் பெயர் ஒட்டிக்கொண்டது. சுங்கத்தை 'உல்கு' என்று வழங்கிய மொழி தமிழ்; திருக்குறளிலேயே அச்சொல் உண்டு. பெயரை மீட்கத்தான் வேண்டும். ஆயினும், பெயர் அயலாயிற்று என்பதற்காக, இங்கே துறைமுகத்திலும் ஆலையிலும் உழைக்கும் மக்களைத் தமிழரல்லர் எனத் தள்ளிவிட இயலுமோ? இயலாது! அதே அளவுகோலைக் கொண்டே பாவலர் இன்குலாப்பையும் அளந்தறிதல் வேண்டும்.

'புரட்சி' எனப் பொருள்படும் உருதுச் சொல்லைப் புனைபெயராகக் கொண்டவர் அவர். 1944இல் கீழக்கரையில் பிறந்தார். இயற்பெயர் சாகுல் அமீது. பேராசிரியர் இலக்குவனார் தமிழுரிமை முழக்கிய மதுரைத் தியாகராசர் கல்லூரியில் தமிழ் பயின்றார். 1965 இந்தி எதிர்ப்புப் போரில் பங்குகொண்டார். பின்னர்ச் சென்னைப் புதுக்கல்லூரியில் தமிழாசிரியரானார்.

1968 திசம்பர் 25. கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டனர். எரிந்தோர் கதறியது தமிழில். அத்தமிழைக் கேட்கச் செவியில்லாதோர் தமிழ்நாட்டிலேயே இருந்தனர். 1973இல் உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. அத்தீ பாவலரின் எழுத்தில் பற்றியது. ஒடுக்கப்பட்டோர் குரலாக அவர் யாத்த 'மனுசங்கடா' பாட்டைக் கே.ஏ. குணசேகரன் மேடைதோறும் பாடிப் பரப்பினார். 'மாந்தன்' என்றல்லவோ எழுதியிருக்க வேண்டும் என்பார் சிலர். கதறுகின்றவனின் சொல்லைத் திருத்துமுன், கதறவைத்தவனைத் திருத்துக!

கலையிலும் அவர் வழி அதுவே. கோலூன்றிய கிழவியாக மட்டுமே காட்டப்பட்டுவந்த ஔவையை, சங்கப் பாடல்களினின்று இளமையும் துணிவும் மிக்க பாண்மகளாக மீட்டு நாடகமாக்கினார். 'மணிமேகலை'யையும் நாடகமாக யாத்தார். இவ்விரண்டையும் அ. மங்கை இயக்கி மேடையேற்றினார்.

ஈழத்தமிழர் படுகொலை கண்டு, அரசு அளித்த கலைமாமணி விருதை 2009இல் திருப்பியளித்தார். 2016 திசம்பர் 1இல் மறைந்தார். அவர் உடல் செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரிக்குக் கொடையாயிற்று. 2017இல் 'காந்தள் நாட்கள்' நூலுக்கு அறிவிக்கப்பட்ட சாகித்திய அகாதமி விருதைக் குடும்பத்தார் ஏற்க மறுத்தனர். வாழ்ந்தபோது கொண்ட கொள்கை மறைந்தபின்னும் மாறவில்லை.

தமிழ்ப் பெருமக்களே! 'தமிழ் வாழ்க' என முழங்கும் வாய், தமிழ் பேசும் உழைப்பாளி வாழவும் முழங்குதல் வேண்டும். சேரியை ஒதுக்கிவிட்டு மொழியைத் தூய்மை செய்தல், வேரை வெட்டிவிட்டு இலையைத் துடைத்தலாகும். 'உல்கு' என்னும் சொல்லையும் மீட்போம். உழைப்பவன் உரிமையையும் மீட்போம்!